ஒரு லேபிள்காரன் படிக்காமல் விட்ட லேபிள்

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். அந்த ஒன்றும் மூடிக்குத்தான். அழுத்தித் திருப்பினால் மட்டும் திறக்கும் மூடி, உள்ளே ஃபாயில் சீல், பஞ்சு, சிலிகா ஜெல் பொட்டலம், எல்லாம் முறையாக இருந்தன. பேத்தி கையில் கிடைத்தாலும் லேசில் திறக்க முடியாது. மற்றதற்கு நட்சத்திரம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பொருள், கொலஸ்ட்ராலுக்கான மூலிகை கேப்சூல். 60 எண்ணம், 1,149 ரூபாய், ஆன்லைனில் வாங்கியது. பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே கலவை பல பெயர்களில் வருகிறது. ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் 31 வருஷமாக ப்ரூஃப் பார்க்கிறேன். காலண்டர், டைரி, நோட்டு அட்டை, தீப்பெட்டி லேபிள், அப்புறம் கொஞ்ச வருஷமாக மருந்துப் பெட்டி, மூலிகைப் பெட்டி. 'மி.கி.' என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அடித்த அட்டை மொத்தமும் எடைக்குப் போகும். அப்படிப்பட்ட வேலையில் இருப்பவன், தன் வாயில் போட்ட பொருளின் லேபிளைப் படிக்கவில்லை. அந்த அசிங்கத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2023-ல் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 172 என்று வந்தது. டாக்டர் அடோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், ராத்திரி ஒன்று என்று எழுதிக்கொடுத்தார். ஆறு மாதத்தில் 98. ஒரு தொந்தரவும் இல்லை. அப்படியே போயிருந்தால் இதை எழுதும் வேலையே வந்திருக்காது.

என் மச்சினனுக்கு ஆங்கில மருந்து என்றாலே ஆகாது. "அத்தான், அந்த மாத்திரையை ஆயுசுக்கும் தின்னா கிட்னி போயிரும். இதைப் பாருங்க, முழுக்க இயற்கை" என்று வாட்ஸாப்பில் ஒரு லிங்க் அனுப்பினான். திறந்தால் இலை, வேர், ஒரு மரக்கரண்டியில் குவித்த செக்கச்செவேல் அரிசி. நாலுக்கு மேல் நட்சத்திரம். கலவையில் முதல் பெயர் 'ரெட் ஈஸ்ட் ரைஸ்'. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நம்ம மாப்பிள்ளைச் சம்பா மாதிரி ஏதோ சிவப்பரிசி, அதைப் பொடித்து அடைத்திருக்கிறார்கள் என்று. அரிசி யாரை என்ன செய்யும்?

ஒரு மாதம் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது, அப்புறம் மாத்திரையை மெல்ல விட்டுவிடுவது. இதுதான் எங்கள் திட்டம். திட்டம் போட்டது நானும் மச்சினனும். டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

பார்சல் மூன்றாம் நாளே வந்தது. கேப்சூல் பெரிசு, விழுங்க ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். பூண்டு வாசனை ஏப்பத்தில் வரும், வீட்டில் எல்லாருக்கும் தெரியும். காலையில் ஒன்று, ராத்திரி மாத்திரையோடு ஒன்று.

அப்போது ஆவணி. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியானதும் எங்கள் ஊரில் சீசன் தொடங்கிவிடும்; மார்கழி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. மூன்றாவது வாரம், பிளேட் அறைக்குப் போக மாடிப்படி ஏறும்போது தொடை இரண்டும் கனத்தது. முட்டியில் ஒன்றும் இல்லை, சதையில்தான் வலி. கபடி ஆடிய மறுநாள் வலிக்குமே, அந்த வலி. நான் கபடி ஆடி 35 வருஷம் ஆகிறது. பேப்பர் பண்டல் தூக்கியதால் இருக்கும் என்று விட்டேன். வீட்டில் தைலம் தேய்த்தார்கள். நாலாவது வாரம் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு எழுந்திருக்க, கதவு நிலையைப் பிடிக்க வேண்டியிருந்தது. கையைத் தூக்கிச் சட்டை மாட்டுவதற்கும் தோள் ஒத்துழைக்கவில்லை. அப்போதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: வயசாகிவிட்டது.

என்னைக் காப்பாற்றியது தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் பெண். பி.ஃபார்ம் படித்த பிள்ளை. அடோர்வா அட்டை வாங்கும்போது கூடவே வலி மாத்திரையும் கேட்டேன். எடுக்கப் போன கை நின்றது.

"எங்க வலி அண்ணாச்சி?"

"தொடை, தோள்பட்டை. சதையில."

"ரெண்டு பக்கமுமா?"

"ஆமா."

"இந்த மாத்திரை தவிர வேற என்ன சாப்பிடுறீங்க? நாட்டு மருந்து, சத்து மாவு, எதுனாலும் சொல்லுங்க."

சொன்னேன். வலி மாத்திரை தரவில்லை. குப்பியைக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுபோனதும் அதைத் திருப்பி இரண்டே நொடி பார்த்தாள். "இதுக்குள்ளயே ஒரு ஸ்டாட்டின் இருக்கு அண்ணாச்சி, நீங்க போடுற அடோர்வா மாதிரியே கொலஸ்ட்ரால் மருந்து. இன்னைக்கு ராத்திரி ரெண்டையும் போடாதீங்க. நாளைக்குக் காலையில முத வேலையா டாக்டரைப் பாருங்க. மூத்திரம் கறுப்பா, கோலா மாதிரி போனா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க."

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அச்சகத்திலிருந்து லூப்பை (பொடி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்) கொண்டுவந்து, மேசை விளக்கடியில் குப்பியை வைத்து, அந்த லேபிளை முதன்முறையாக ப்ரூஃப் பார்த்தேன்.

முன்பக்கம் 'கொழுப்பை இயற்கையாகக் கட்டுப்படுத்தும்' என்ற வாசகம், பெரிய பச்சை எழுத்தில், வெள்ளை அவுட்லைனோடு. பின்பக்கம் நாலு பாயிண்ட் பொடி எழுத்தில், வெளிர் சாம்பல் நிறத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று இங்கிலீஷில். இந்த வரியை உணவுச் சட்டப்படி போட்டே ஆக வேண்டும், போட்டிருக்கிறார்கள். சைவப் பச்சைப் புள்ளி சரியான இடத்தில் இருக்கிறது. கலவை: ரெட் ஈஸ்ட் ரைஸ் சாறு 600, குக்குலு (ஒரு மரப்பிசின்) 150, பூண்டு 100, கோஎன்சைம் க்யூ10 கொஞ்சம், பைப்பரின் 5 மில்லிகிராம்.

கடைசியில் ஓர் எச்சரிக்கை வரியும் இருந்தது. ஆனால் படிக்க முடியாது. பேட்ச் நம்பர் அடிப்பதற்காக லேபிளில் வார்னிஷ் படாமல் ஒரு கட்டம் விட்டு வைப்போம். இங்க்ஜெட் மை அதில்தான் பிடிக்கும். இவர்கள் லேபிளிலும் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. பேக்கிங்கில் குப்பி கொஞ்சம் திரும்பி ஓடியிருக்கும் போல. பேட்ச் நம்பரும் தேதியும் கட்டத்தை விட்டுத் தள்ளி, எச்சரிக்கை வரியின் மேலேயே விழுந்திருக்கின்றன. கறுப்பு மைக்கு அடியில் லூப் வைத்து எழுத்தெழுத்தாகக் கோத்துப் படித்தேன். வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரை ஆலோசிக்கவும் என்று இருந்தது. எங்கள் அச்சகமாக இருந்தால் இந்த லாட் வாசலைத் தாண்டியிருக்காது.

சரி, அந்த அரிசிக்கு வருவோம். மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெந்த வெள்ளை அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை ஏற்றிப் புளிக்க வைத்தால் அரிசி சிவந்துவிடும். சீனாவில் பல நூறு வருஷமாகச் சமையலுக்கும் வைத்தியத்துக்கும் பயன்படுகிற சரக்கு. அந்தப் பூஞ்சை சுரக்கும் ஒரு பொருளுக்கு மொனாக்கோலின் கே என்று பெயர். லோவாஸ்டாட்டின் என்ற மாத்திரைக்குள் இருப்பதும் அதே மூலக்கூறுதான், ஓர் அணு கூடக் குறைய இல்லை.

கதை இன்னும் வேடிக்கை. ஸ்டாட்டினை முதன்முதலில் கண்டுபிடித்தவர் அகிரா எண்டோ என்ற ஜப்பான்காரர். 1970-களின் தொடக்கத்தில் 6,000-க்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சலித்து, ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினை எடுத்தார். அந்தப் பூஞ்சை கிடைத்தது கியோட்டோவில் ஓர் அரிசிக் கடைச் சரக்கில். 1979-ல் மொனாஸ்கஸிலிருந்து மொனாக்கோலின் கே-யைப் பிரித்ததும் அவரேதான். அதே காலத்தில் ஓர் அமெரிக்க மருந்து நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து இதே பொருளை எடுத்தது. 1987-ல் அங்கே விற்பனைக்கு அனுமதி பெற்ற முதல் ஸ்டாட்டின் அதுதான். ஆக, 'ஆங்கில மாத்திரை' என்று மச்சினன் திட்டியதன் பூர்வீகமும் ஒரு பூசணம்தான். அவன் விற்றுக்கொடுத்த 'இயற்கை'யும் பூசணம்தான். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறது. குப்பியில் அது இல்லை. 600 என்று போட்டிருப்பது சிவப்பு அரிசிச் சாறின் எடை. அதற்குள் மொனாக்கோலின் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கிடையாது.

இது என் குப்பியின் குறை மட்டும் இல்லை. 2017-ல் அமெரிக்காவில் 28 பிராண்டுகளை வாங்கிச் சோதித்தார்கள். இரண்டில் மொனாக்கோலின் கே சுத்தமாக இல்லை. மற்றவற்றில் குறைந்ததற்கும் கூடியதற்கும் 60 மடங்கு வித்தியாசம். ஒரு குப்பியில் அரிசி மாவு, அடுத்ததில் முழு மருந்து.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரத்தப் பரிசோதனையில் சி.கே. 1,140 என்று வந்தது. அந்த லேப் தாளில் இயல்பு என்று அச்சிட்டிருந்தது 200-க்குள். தசை சிதையும்போது ரத்தத்தில் கசிகிற பொருள் அது. ரொம்ப ஏறினால் சிதைந்த சதை சிறுநீரகத்தைப் போய் அடைக்கும். கிரியேட்டினின், மூத்திரம் இரண்டும் சரியாக இருந்தது என் அதிர்ஷ்டம். "ரெண்டு ஸ்டாட்டின் சாப்பிட்டிருக்கீங்க. ஒண்ணு நான் எழுதிக் கொடுத்தது, இன்னொண்ணு உங்க மச்சினன் எழுதிக் கொடுத்தது" என்றார்.

பைப்பரின் எதற்கு என்று கேட்டேன். மிளகிலிருந்து எடுப்பது, மற்ற சரக்குகள் உடம்பில் நன்றாக ஏறட்டும் என்று சேர்ப்பார்களாம். அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். எங்கள் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஒன்றுதான். எந்த வேலையும் அதில் வெட்டுப்பட்டுத்தான் வெளியே போகும். ஈரலிலும் குடலிலும் சைப்3ஏ4 என்று ஒரு நொதி இருக்கிறது. அடோர்வாஸ்டாட்டினையும் வெட்டி அனுப்புவது அதுதான், லோவாஸ்டாட்டினையும் வெட்டி அனுப்புவது அதுதான். நான் ஒரே நேரத்தில் இரண்டு ஆர்டரை இறக்கிவிட்டேன். பைப்பரின் இந்த நொதியை மந்தப்படுத்துவதாக ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள், அதாவது மிஷின் ஓட்டுபவரை டீ குடிக்க அனுப்பிவிட்டார்கள். சரக்கு தேங்கத்தானே செய்யும்? தேங்கினது ரத்தத்தில், அடி விழுந்தது சதையில்.

அதே குப்பியில் இருக்கும் குக்குலு இதற்கு நேர் எதிர். அது இந்த நொதியைத் தூண்டிவிடும் வகை என்கிறார்கள். ஒருத்தன் பிரேக், ஒருத்தன் ஆக்ஸிலேட்டர், இரண்டு காலும் ஒரே கேப்சூலில். குக்குலுவை நான் இளக்காரமாகப் பேசவில்லை. சுஸ்ருத சம்ஹிதையைப் படித்து, 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களுக்குக் கொடுத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். லக்னோவில் இருக்கும் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து மருந்தே உருவாக்கியது. ஆனால் 2003-ல் அமெரிக்காவில் 103 பேரை வைத்து எட்டு வாரம் பார்த்தபோது எல்.டி.எல். குறையவில்லை, கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

இதை எழுதப் போகிறேன் என்றதும் அச்சகத்தில் ஆளாளுக்கு ஒரு கேள்வி. ரசத்துக்குத் தட்டிப்போடும் பூண்டும் மிளகும் பரவாயில்லையா? பரவாயில்லை, சமையல் அளவுக்கு யாரும் பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். சாறாக இறுக்கி மாத்திரையில் அடைத்து வருவதுதான் வேறு விஷயம். பூண்டு மாத்திரையாக இருந்தால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் முக்கியமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இசப்கோல்? அது நார்ச்சத்து, கொலஸ்ட்ராலுக்கு நல்லதுதான். மாத்திரையோடு ஒரே நேரத்தில் போடாமல் தள்ளிப் போடச் சொன்னார். கிரேப்ஃப்ரூட் பழச்சாறு அதே கட்டிங் மிஷினை நிறுத்தி வைக்கும் பேர்வழி. அதன் சொந்தக்காரன் பம்பளிமாஸ், அதையும் அளவாக வைத்துக்கொள்ளச் சொன்னார். மனசோர்வுக்கென்று வெளிநாட்டிலிருந்து வாங்கிவருகிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட் எதிர்த்திசை. மிஷினை வேகமாக ஓட்டி, சாப்பிட்ட ஸ்டாட்டினை வேலை செய்ய விடாமல் செய்துவிடும். வலி இருக்காது. ரிப்போர்ட்டில்தான் தெரியும்.

விற்றவர்களுக்கு ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். 'அன்பு வாடிக்கையாளரே, எங்கள் தயாரிப்பு முழுக்க இயற்கையானது, பக்கவிளைவு அற்றது' என்று பதில் வந்தது. சீல் உடைத்ததால் பணம் திரும்பக் கிடையாதாம். அந்தக் கதை அவ்வளவுதான். மருந்தால் வந்த பாதகங்களைப் பதிய மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் 1800-180-3024 என்று ஒரு இலவச எண் இருக்கிறது. பொதுமக்களே கூப்பிடலாம், நான் கூப்பிட்டேன். மச்சினனுக்கும் ரிப்போர்ட் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை.

லேபிள் எப்படி இருந்திருக்கலாம் என்று தேடியபோது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி கண்ணில் பட்டது. 2022-ல் வந்த அந்த விதிப்படி, அங்கே இந்தச் சரக்கு விற்றால், ஒரு நாள் அளவில் மொனாக்கோலின் 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், எவ்வளவு என்று அச்சடிக்கவும் வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18-க்குக் கீழே, 70-க்கு மேலே, கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவர்கள் எல்லாம் தொடக்கூடாது என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இதே பூஞ்சை சரியில்லாமல் வளர்ந்தால் சிட்ரினின் என்ற சிறுநீரக விஷத்தையும் சுரக்கும், அதற்கும் அங்கே உச்சவரம்பு உண்டு. ஜப்பானில் 2024 மார்ச்சில் இந்த அரிசி கலந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதித்து, சரக்கையே திரும்ப வாங்கினார்கள். அங்கே மாட்டியது சிட்ரினின் இல்லை. தயாரிக்கும் இடத்தில் வேறொரு பூசணம் கலந்துவிட்டது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் அந்த வாசகத்தைத் தமிழில் கம்போஸ் செய்து பார்த்தேன். 'கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது.' ஆறு பாயிண்ட், கறுப்பு. அந்தக் குப்பி லேபிளின் அகலத்தில் ஒரே வரியில் உட்கார்ந்தது. மீதி எச்சரிக்கை மூன்று வரி. இடத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம், வலது மூலையில் வரைந்திருக்கும் மூன்று இலைகளில் ஒன்றை எடுத்தாலே போதும்.

என் நிலைமை இப்போது பரவாயில்லை. இரண்டு வாரத்தில் சி.கே. 310, ஏழாவது வாரம் 160. படி ஏற முடிகிறது. ஸ்டாட்டினை விட்டுவிடலாமா என்று டாக்டரிடம் ஆசையாகக் கேட்டுப் பார்த்தேன். மாரடைப்புக்கு சிபாரிசுக் கடிதம் கொடுக்கிறீர்களா என்றார். வலி முழுசாகப் போன பிறகு ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம் தொடங்கினார். அது அந்தக் கட்டிங் மிஷினை அதிகம் நம்பியில்லாத மாத்திரையாம். மூன்று மாதம் கழித்து எல்.டி.எல். 94. வலி திரும்பவில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது மாத்திரையைத் தானாக நிறுத்தினால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். குப்பியைத்தான் டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ கொண்டுபோய்க் காட்டச் சொல்கிறேன்.

மிச்சம் நாலு கேப்சூல் குப்பியில் இருக்கிறது. என் மேசை டிராயரில், லூப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ப்ரூஃப் பார்க்கப் புதுசாகச் சேரும் பையன்களுக்கு இப்போது முதல் பாடம் அதுதான். ஒரு எழுத்து விடாமல் படித்து, தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். போன வாரம் சேர்ந்தவன் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். பேட்ச் நம்பருக்கு அடியில் இருந்ததையும் முழுசாகப் பிடித்துவிட்டான். தாளைக் கொடுத்துவிட்டுக் கேட்டான்: "அண்ணாச்சி, ரெட் ஈஸ்ட் ரைஸ்னா நம்ம மாப்பிள்ளைச் சம்பாவா?"